0% கார்டுக் கடனை வைத்துக்கொண்டு சேமிப்பில் வட்டி எடுப்பது: செய்யலாமா, கூடாதா?

பாலா_ரெடிங்

அனைவருக்கும் வணக்கம். இங்கே இங்கிலாந்தில் ஸ்டூசிங் என்று ஒன்று சொல்கிறார்கள். வட்டியில்லாக் கார்டில் கடனை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, அதை அடைக்க வேண்டிய பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வட்டி வாங்குவது. சலுகைக் காலம் முடியும்போது சேமிப்பை எடுத்துக் கார்டை அடைத்துவிடலாம். நடுவில் வந்த வட்டி நமக்கு.

என் கதைக்கு வருகிறேன். சமையலறையை மாற்றிக் கட்டியதில் ஒரு கார்டில் 10,000 பவுண்டு பாக்கி நிற்கிறது. அந்தக் கார்டின் 0% காலம் அடுத்த மாதம் முடிகிறது. அடைக்கப் பணம் இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் இன்னொரு வங்கி 24 மாதம் 0% பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது பழைய கார்டுப் பாக்கியைத் தன் கார்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி, தருகிறேன் என்கிறது. கட்டணம் 3%, அதாவது 300 பவுண்டு. கையில் உள்ள 10,000-ஐ 4% கணக்கில் போட்டால் இரண்டு வருடத்தில் 800-க்கு மேல் வட்டி. 300 போனால் 500 மிச்சம். கைக்காசு ஒன்றும் போடாமல் 500 பவுண்டு. மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று இங்கே வந்தேன்.

லெஸ்டர்_கணக்கர்

பாலா, செய்யலாம். நான் 2004-லிருந்து இதைச் செய்து வருகிறேன், தொழிலும் கணக்கு எழுதுவதுதான். ஆனால் உங்கள் 500 வராது. மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் பேமெண்ட்டை விட்டுவிட்டீர்கள்.

0% என்றால் மாதாமாதம் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. பாக்கியில் 1% கேட்கும் கார்டு உண்டு, 2.5% கேட்கும் கார்டும் உண்டு. அந்தப் பணம் சேமிப்பிலிருந்துதான் போகும், ஆகவே சேமிப்பு மாதாமாதம் கரையும். 1% கார்டாக இருந்தால் 24 மாதத்தில் உங்கள் சராசரி இருப்பு 8,900 அளவில் நிற்கும். 4%-க்கு வட்டி 715 பவுண்டு. கட்டணம் போக 415. அதே கார்டு 2.5% கேட்டால் சராசரி இருப்பு 7,600-க்கு இறங்கி, வட்டி 607, மிச்சம் 307. விளம்பரத்தில் 0% எத்தனை மாதம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள், மினிமம் எவ்வளவு என்று பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது வரி. நீங்கள் 20% வரி கட்டுபவர் என்றால் வருடத்துக்கு 1,000 பவுண்டு வட்டி வரை வரியில்லை. 40% என்றால் 500 வரைதான். மற்ற சேமிப்பிலேயே அந்த 500 தீர்ந்திருந்தால், இந்த 715-இல் 286 பவுண்டு வரியாகப் போய்விடும். இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள்: வங்கிக்குக் கட்டிய 300 பவுண்டைச் செலவாகக் காட்டி வட்டியில் கழித்துக்கொள்ள முடியாது. வரி முழு வட்டி மீதும் விழும். மீதி 429-இல் 300 போனால் 129. இரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து 129 பவுண்டு! அந்த நிலையில் இருந்தால் வேண்டாம் என்று நானே சொல்வேன்.

ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இந்த வருட வரம்பு மீதமிருந்தால் அதில் போடுங்கள், வரிப் பேச்சே இல்லை. இப்போது 20,000 வரை போடலாம். 2027 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ரொக்க ஐசா 12,000 ஆகிறது.

சிவா_ஈஸ்ட்ஹாம்

தம்பி பாலா, உங்கட வீட்டுக்காரி சொல்லுறதைக் கேளுங்கோ.

நான் 90களில வந்து பெற்றோல் ஸ்ரேசனில இரவு வேலை செய்துதான் இந்த நாட்டில கால் ஊண்டினனான். 2005, 2006-இல எங்கட ஆக்களுக்கை இந்த விளையாட்டு ஒரு காய்ச்சல் மாதிரிப் பரவினது. அப்ப கார்டு கேட்டவைக்கெல்லாம் குடுப்பாங்கள். கட்டணமும் இல்லாத காலம் ஒண்டு இருந்தது. சேமிப்புக்கு 5%, 6% வட்டி. ஒருத்தர் பேரில ஆறு கார்டு, ஏழு கார்டு. ஐஸ்லாந்து வங்கிக்காரன் ஐஸ்சேவ் எண்டு இணையத்தில கடை விரிச்சான், நல்ல வட்டி. கனபேர் கார்டில எடுத்த காசைக் கொண்டுபோய் அங்கை போட்டவை.

2008 பெப்ரவரியில எக் வங்கி ஒரே அடியா 161,000 பேரின்ர கார்டை நிப்பாட்டினது. ஒழுங்காக் கட்டிக்கொண்டு வந்தவையே தங்களுக்கும் கடிதம் வந்தது எண்டு கத்தினவை. அதே வருசம் ஒக்டோபரில ஐஸ்சேவ் படுத்திட்டுது. தளத்துக்குப் போனால் காசு எடுக்கவும் ஏலாது, போடவும் ஏலாது எண்டு அறிவித்தல். அரசாங்கம் பிறகு எல்லாருக்கும் முழுக்காசும் தரும் எண்டு சொன்னது உண்மை. ஆனா அது சட்டத்தில இருந்த வரம்பைத் தாண்டி அரசாங்கம் செய்த காரியம். காசு கைக்கு வரும்வரைக்கும் கார்டுக்காரன் பொறுத்தவனோ? இல்லை. மாதாமாதம் அவனுக்குக் கட்டத்தான் வேணும்.

கடன் உங்கட பேரில நிச்சயமா நிக்குது. சேமிப்பு வேற ஒருத்தன்ர கையில நிக்குது. இந்த இரண்டையும் ஒண்டா நினைக்காதேங்கோ.

லெஸ்டர்_கணக்கர்

சிவா அண்ணா, 2008 எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும். எக் கார்டை நிறுத்தியபோது பாக்கியை உடனே கட்டு என்று கேட்கவில்லை. புதிதாகச் செலவு செய்ய முடியாது, பழைய பாக்கியை இருந்த விதிமுறைப்படியே கட்டிக்கொண்டு வரலாம் என்றுதான் சொன்னது. சேமிப்பு கையில் இருந்தவருக்கு அதில் நஷ்டமில்லை. அடிபட்டவர்கள், எடுத்த பணத்தை வீட்டு டெபாசிட்டுக்கும் கடை முதலுக்கும் போட்டுவிட்டு, அடுத்த கார்டு வரும், அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி இருந்தவர்கள். அது ஸ்டூசிங் இல்லை, கடன் வாங்கித் தொழில் செய்தது.

ஐஸ்சேவ் பயம் நியாயமானது. ஆனால் அன்று வைப்புப் பாதுகாப்பு 35,000 பவுண்டு. வங்கி விழுந்த அந்த வாரத்தில்தான் 50,000 ஆனது. இன்று ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 120,000. பாலா போடப்போவது 10,000.

சிவா_ஈஸ்ட்ஹாம்

வங்கி விழுந்தால் காசு வரும் எண்டுறீங்கள். வரும். எப்ப வரும்? அந்த இடைவெளியிலதான் ஆக்கள் நித்திரை இல்லாமல் திரிஞ்சவை. வேற ஒண்டும் நான் சொல்ல வரேல்லை.

மலர்_மார்ட்கேஜ்

நான் மான்செஸ்டரில் மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், ஆலோசகராக இருக்கிறேன். இந்தத் திரியில் இன்னும் யாரும் பேசாத ஒன்று.

பாலா சார், அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் வீடு வாங்கவோ, பெரிய வீட்டுக்கு மாறவோ எண்ணம் இருக்கிறதா? இருந்தால் இந்த 300, 400 பவுண்டுக்காக இதைத் தொட வேண்டாம்.

வங்கியின் கடன் கணக்கீட்டுப் பக்கத்தில் கார்டு பாக்கி என்று ஒரு கட்டம் இருக்கும். சமீபத்தில் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். இருவருக்கும் நல்ல வேலை, ஒரு நாள்கூடத் தவணை தவறியதில்லை. அந்தக் கட்டத்தில் 14,000 என்று போட்டேன். அந்த வங்கி பாக்கியில் 5%-ஐ மாதச் செலவாக எடுத்துக்கொள்கிறது, அதாவது 700 பவுண்டு. கார்டுக்கு 0%, இவர்கள் உண்மையில் கட்டுவது மாதம் 140 என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. திரையில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக் கடன் தொகை பல பத்தாயிரம் இறங்கியது. அந்த அம்மா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். “அதே 14,000 எங்கள் சேமிப்பில் இருக்கிறதே, அதை எங்கே போடுவது?” என்று கேட்டார். அதற்கு ஒரு கட்டம் இல்லை.

எல்லா வங்கியும் 5% எடுப்பதில்லை, 3% எடுப்பவர்களும் உண்டு. ஆனால் சேமிப்பை எதிரில் வைத்துக் கடனைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.

லெஸ்டர்_கணக்கர்

மலர், வீடு வாங்கி முடிவதற்குள் அடைத்துவிடுகிறோம் என்று குறித்தால் அந்தப் பாக்கியைக் கணக்கில் சேர்க்காத வங்கிகள் நிறைய உண்டே? சேமிப்பில் பணம் இருப்பவர் ஒரே நாளில் அடைத்துவிடலாம்.

மலர்_மார்ட்கேஜ்

உண்டு, சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் அது கட்டுப்படியாகுமா என்ற கணக்கில் மட்டும்தான் உதவும். கடன் ஸ்கோர் வேறு விஷயம். 15,000 வரம்பில் 14,000 எடுத்திருக்கிறார் என்றுதான் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் பதிவேட்டு நிறுவனங்களிலும் நிற்கும். இன்றைக்கு அடைத்தால் நாளைக்கே மாறாது. கார்டு நிறுவனம் மாதத்துக்கு ஒரு முறைதான் தகவல் அனுப்பும், பதிவேட்டில் ஏற ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஆகிவிடும். பிடித்த வீடு அதுவரை காத்திருக்காது. புதுக் கார்டுக்கு விண்ணப்பித்த தடம் ஒரு வருடம் தெரியும்.

ஆகவே என் பேச்சு வீடு மாறப் போகிறவர்களுக்குத்தான். இருக்கிற வீட்டிலேயே இருந்து, அதே வங்கியில் வட்டித் திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் புதிதாக வருமானக் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

கோவை_ஸ்லவ்

எல்லோரும் 4% பற்றியே பேசுகிறீர்களே? ஊரில் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ரூபாயில் போடும் என்ஆர்இ ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு 7% வரை கொடுத்தார்கள், இந்தியாவில் வரியும் இல்லை. கார்டிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் தரும் மணி டிரான்ஸ்ஃபர் கார்டு எடுத்து, 4% கட்டணம் போனாலும், இரண்டு வருடத்தில் 14% வருமே. என்னைப் போன்ற இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இது நல்ல வழியாகத் தெரிகிறது. யோசித்துச் சொல்லுங்கள்.

லெஸ்டர்_கணக்கர்

தம்பி, நான் ஸ்டூசிங் ஆதரவாளன், நானே சொல்கிறேன்: இதைச் செய்யாதீர்கள்.

2025 ஜனவரியில் ஒரு பவுண்டு 106 ரூபாய் அளவில் இருந்தது. அன்று 5,000 பவுண்டு அனுப்பியிருந்தால் 5,30,000 ரூபாய். 7% என்றே வைத்துக்கொள்வோம், ஒரு வருடத்தில் 5,67,100. அந்த வருடக் கடைசியில் பவுண்டு 120-ஐத் தொட்டுவிட்டது. 120-க்கே மாற்றினாலும் திரும்பி வருவது 4,726 பவுண்டு. 274 நஷ்டம். மணி டிரான்ஸ்ஃபர் கட்டணம் 200. மொத்தம் 474 பவுண்டு கையைவிட்டுப் போயிருக்கும், 7% வட்டி முழுதாக வந்த பிறகும்.

இந்தியாவில் வரியில்லை என்பது இந்தியாவுக்கு மட்டும். நீங்கள் இங்கே குடியிருப்பவர். நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உள்ள நாலு வருடச் சலுகைக்குள் வந்தாலொழிய, அந்த வட்டியை இங்குள்ள வரித்துறையான எச்எம்ஆர்சிக்குக் காட்டி வரி கட்ட வேண்டும். நடுவில் வேலை போய் ஒரு வருடத்துக்குள் டெபாசிட்டை உடைத்தால் என்ஆர்இ-யில் வட்டியே கிடையாது. கடன் பவுண்டில் என்றால் சேமிப்பும் பவுண்டில் இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

கோவை_ஸ்லவ்

ரூபாய் ஏறியிருந்தால் லாபம்தானே அண்ணா? ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறீர்கள். பவுண்டிலேயே போடும் எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டும் இருக்கிறது.

லெஸ்டர்_கணக்கர்

ஏறியிருந்தால் லாபம். ஆனால் அப்போது நீங்கள் வட்டி வாங்கவில்லை, கடன் வாங்கி ரூபாயின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறீர்கள். எஃப்சிஎன்ஆரில் அந்தப் பயம் இல்லை, சரி. ஆனால் அங்கேயும் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டி இல்லை. இங்கே நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய கணக்கே 4% தரும்போது அவ்வளவு தூரம் போக என்ன தேவை?

நிலா_கிளாஸ்கோ

இவ்வளவு நேரம் எவ்வளவு மிச்சம் என்பதைப் பற்றி மட்டும் பேசினோம். அந்த மிச்சம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா?

நான் வார இறுதியில் ஒரு கடன் ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக உட்காருகிறேன். வருபவர்கள் மேசையில் பரப்பும் ஸ்டேட்மெண்ட்டில் முக்கால்வாசி இப்படித்தான் தொடங்கும்: “24 மாதம் 0%”. 25-ஆவது மாதத்திலிருந்து 24%, 25% வட்டி. ஒருவர் மாதம் 180 பவுண்டு கட்டுகிறார், அதில் 140 வட்டிக்கே போகிறது. வட்டித் தொகையும் அவர் கட்டிய தொகையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகி இருக்கின்றன. அவர் அதுவரை அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. இந்த மாதிரி, அசலில் கட்டியதைவிட வட்டிக்கும் கட்டணத்துக்கும் அதிகம் கட்டியபடி 18 மாதம் போனால் கார்டு நிறுவனம் எச்சரிக்க வேண்டும் என்று நிதி நடத்தை ஆணையம் 2018-இல் விதி கொண்டுவந்தது. விதி வேண்டியிருந்தது என்றால் எத்தனை பேர் அப்படி இருந்திருப்பார்கள்?

வங்கிக்கு இந்தச் சலுகையில் வருமானம் வரும் என்று தெரியும். 0% நடக்கும்போதே, பின்னால் வரப்போகும் வட்டியைக் கணித்து, இப்போதே வருமானமாக எழுதிக்கொள்கிறார்கள். 2017-இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கே இந்த நீண்ட 0% சலுகைகள் பற்றிக் கவலை வந்தது. உங்கள் 415 பவுண்டு வங்கி முதலாளி பையிலிருந்து வருவதில்லை லெஸ்டர் அண்ணா. 25-ஆவது மாதத்தில் சறுக்கியவர் வீட்டிலிருந்து வருகிறது.

லெஸ்டர்_கணக்கர்

நிலா, நீங்கள் செய்கிற வேலைக்கு எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நானும் பாலாவும் இந்தக் கார்டை எடுக்காமல் விட்டால் அந்த மனிதரின் வட்டி ஒரு பவுண்டு குறையுமா? குறையாது. அதே 0%-தான் கடனில் தவிக்கிற எத்தனையோ பேரை 25% வட்டியிலிருந்து இறக்கிக் கரையேற்றவும் செய்கிறது. உங்கள் மையத்திலேயே, ஸ்கோர் இன்னும் கெடாதவர்களுக்கு இந்த மாற்றத்தைச் சொல்லிக் கொடுப்பீர்கள்தானே.

நிலா_கிளாஸ்கோ

சொல்கிறோம். கடனை அடைக்க அது நல்ல கருவி, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் “இது எல்லோருக்கும் எளிது” என்று நாம் பொதுவில் பேசப் பேச, கையில் 10,000 இல்லாதவரும் வந்து கார்டு எடுப்பார். சேமிப்பில் போடுகிறேன் என்று எடுத்த பணம், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றதும் அங்கே போகும். யாரால் மறுக்க முடியும்? கடன் மட்டும் மிஞ்சும். பாலா கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். இந்தத் திரியை இன்னும் எத்தனையோ பேர் படிக்கிறார்கள், எனக்கு அவர்கள்தான் கவலை.

சிவா_ஈஸ்ட்ஹாம்

பிள்ளை சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி. காசு சும்மா இருக்குது எண்டு தெரிஞ்சால் அதுக்கு ஒரு செலவு தானா வந்து நிக்கும். சீட்டுக் காசு எடுத்த கிழமையே ஊரில இருந்து ரெலிபோன் வாறதை நாங்கள் பாத்தனாங்கள்தானே.

வித்யா_எம்கே

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு கேள்வி. நாங்கள் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த 0% கார்டு எங்களுக்கெல்லாம் கிடைக்குமா? இன்னொன்று, எனக்கு வேலை இல்லை, கணவர் பெயரில்தான் எல்லாம். அவர் 40% வரி கட்டுகிறார். லெஸ்டர் அண்ணா கணக்குப்படி எங்களுக்கு 129-தானா?

லெஸ்டர்_கணக்கர்

முதல் கேள்விக்கு: கிடைப்பது கடினம். கிடைத்தாலும் முதலில் 1,000, 1,500 என்றுதான் வரம்பு வைப்பார்கள். “24 மாதம் வரை” என்று விளம்பரத்தில் இருக்கும் அந்த “வரை” உங்கள் விஷயத்தில் 12 மாதமாக வரலாம். ஏபிஆர் (வருட வட்டி விகிதம்) விளம்பரத்துக்கு விதியே, ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களில் 51% பேருக்கு அது கிடைத்தால் போதும் என்பதுதான். ஆகவே நேரடியாக விண்ணப்பம் போடாமல், முதலில் தகுதி பார்க்கும் பக்கத்தில் பாருங்கள். அந்தத் தேடல் மற்ற வங்கிகள் கண்ணில் படாது. இன்னொன்று: இந்தியர், இலங்கையர் எல்லோரும் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் விசாவில் இருந்தாலும் இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை. முகவரி உறுதியாவதால் கார்டு விண்ணப்பத்துக்கு அது பெரிய உதவி.

இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்கும். கடன் அவர் பெயரில் இருக்கட்டும், சேமிப்பை உங்கள் பெயரில் போடுங்கள். வேறு வருமானம் இல்லாதவருக்கு 12,570, அதற்கு மேல் சேமிப்பு வட்டிக்கென்று 5,000, அதற்கும் மேல் 1,000. ஆக 18,570 பவுண்டு வட்டி வரை வரியில்லை. கணவன் மனைவிக்குள் பணம் கொடுத்துக்கொள்வதில் சட்டத்தில் தடையில்லை. ஆனால் கொடுத்தது கொடுத்ததாக இருக்க வேண்டும், அந்தப் பணம் உங்களுடையது.

வித்யா_எம்கே

கடன் அவர் பெயரில், பணம் என் பெயரில். இதைக் கேட்டதும் வீட்டில் முகம் எப்படி மாறும் என்று யோசிக்கிறேன் 🙂 நன்றி அண்ணா, வாக்காளர் பட்டியல் விஷயம் தெரியவே தெரியாது, இன்றைக்கே பதிகிறேன்.

மலர்_மார்ட்கேஜ்

வித்யா, கணக்கு எண், கார்டு விவரம், முடியும் தேதி எல்லாம் இருவருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள். கார்டு வைத்திருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், எங்கே எவ்வளவு கடன் என்று தெரியாமல் வீட்டில் இருப்பவர் அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாலா_ரெடிங்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. மனைவியும் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். நான் 20% வரிதான், ஐசா வரம்பும் மீதம் இருக்கிறது. வீடு மாறும் எண்ணம் இல்லை, நவம்பரில் அதே வங்கியில் திட்டத்தை மட்டும் புதுப்பிக்கப் போகிறேன். மலர் சொன்னபடி பார்த்தால் எனக்கு அந்தத் தடை இல்லை. கார்டு மினிமம் 1% அல்லது 25 பவுண்டு, எது அதிகமோ அது. ஆக லெஸ்டர் அண்ணா சொன்ன 415 பக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

சிவா_ஈஸ்ட்ஹாம்

பாலா, அப்ப செய்யிறதெண்டு முடிவெடுத்திட்டீங்கள். எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனா செய்யிறதெண்டால் ஒண்டு கேளுங்கோ. என்ர தங்கச்சியின்ர மனுசன் கார்டு வந்த அண்டைக்கே, தவணை வங்கிக் கணக்கில இருந்து தானாப் போற மாதிரி டைரக்ட் டெபிட் போட்டவர். ஆனா முதல் ஸ்ரேட்மென்றுக்கு அது பிடிபடேல்லை. கடிதத்தின்ர அடியில சின்ன எழுத்தில, இந்த மாதத் தவணையை நீங்களே கட்ட வேணும், டைரக்ட் டெபிட் அடுத்த மாதம் தொடங்கும் எண்டு கிடந்தது. அவர் பாக்கேல்லை. 12 பவுண்டு தண்டம், அதோட 0% சலுகையும் போயிட்டுது. தவறின தவணை பதிவேட்டில ஆறு வருசம் நிக்கும். முதல் மாதம் கையாலயே கட்டுங்கோ.

லெஸ்டர்_கணக்கர்

சிவா அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னும் இரண்டு. அந்தக் கார்டில் ஒரு காபிகூட வாங்காதீர்கள், 0% மாற்றிய பாக்கிக்குத்தான், புதுச் செலவுக்கு வட்டி ஓடும். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். இரண்டாவது, பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 2023-இல் 5.25%-இல் இருந்தது, 2025 டிசம்பரில் 3.75% ஆகிவிட்டது. உங்கள் 4% இரண்டு வருடமும் 4%-ஆக நிற்காது. சராசரி 3.25% என்று வைத்தால் வட்டி 580, மிச்சம் 280. அதற்கும் சம்மதமா என்று மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையில் எனக்குப் பிடித்த வழி இது இல்லை. பழைய பாக்கியைக் கையில் உள்ள பணத்தால் அடைத்துவிட்டு, செலவுக்கு 0% தரும் பர்ச்சேஸ் கார்டு ஒன்று எடுங்கள். கட்டணமே கிடையாது. மளிகை, பெட்ரோல், கவுன்சில் டாக்ஸ் என்று எப்படியும் செலவாகும் 1,000 பவுண்டை அதில் போட்டுவிட்டு, சம்பளத்திலிருந்து அதே 1,000-ஐ அன்றே சேமிப்புக்கு அனுப்புங்கள். 21 மாதக் கார்டு, 10,000 வரம்பு என்றால், மினிமம் கட்டியது போக 4%-இல் 480, 490 வரும். 300 கட்டணம் கட்டி 415 பார்ப்பதைவிட இது மேல், வட்டி விழுந்தாலும் நஷ்டத்தில் முடியாது.

நிலா_கிளாஸ்கோ

இந்த வழியில் குறைந்தபட்சம் முதலில் பழைய கடன் அடைகிறது. நான் இதை நல்லது என்று சொல்லமாட்டேன், ஆனால் மற்றதைவிட இதில் எனக்குப் பயம் குறைவு. சம்பளத்திலிருந்து சேமிப்புக்கு அனுப்புவதை, மாதாமாதம் தானாகப் போகும் ஸ்டாண்டிங் ஆர்டராகப் போடுங்கள் பாலா. கையால் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது மாதமே நின்றுவிடும், செலவு மட்டும் கார்டில் ஏறிக்கொண்டிருக்கும். எங்களிடம் வருபவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

பாலா_ரெடிங்

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரை விட்டுவிட்டேன். பழைய பாக்கியை இன்று காலை அடைத்தாயிற்று. பர்ச்சேஸ் கார்டுக்குத் தகுதி பார்த்ததில் 18 மாதம், 6,500 வரம்பு என்று வந்தது. 18 மாதம் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள், முதல் செலவு செய்த நாளிலிருந்தா?

லெஸ்டர்_கணக்கர்

பெரும்பாலும் கணக்கு திறந்த நாளிலிருந்து. கார்டு தபாலில் வந்து, நீங்கள் உறையைப் பிரித்து, முதல் செலவு செய்வதற்குள் இரண்டு வாரம் போயிருக்கும். ஒப்பந்தத்தில் சலுகை முடியும் தேதி இருக்கும், பார்த்து இங்கே போடுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாக அடைத்துவிடுவது போல் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.